பிழைத்துவிட்ட பிள்ளை

சேசு மரி சூசை துணை

ஆலடிப்பட்டி,
18 அக்டோபர் 1936

அன்புத் தம்பி தனிஸ்லாசுக்கு அக்காள் அடைக்கலமேரி எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். போன மாதம் உனக்கு வந்த காய்ச்சல் முழுக்க விட்டதா? குருமடத்தில் சோறு சாப்பிடுகிறாயா, லத்தீன் புத்தகத்தையே தின்று வயிற்றை நிரப்புகிறாயா?

உபதேசியாராயிருந்த உன் அத்தான் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் ஊரில் என்னை இன்னும் உபதேசியாரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் வேதத்துக்காரர் வீடு நாலைந்துதான். அவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் நான்தான், சாதி மதம் பாராமல் எந்த வீட்டுப் பிரசவத்துக்கும் ஓடுவதும் நான்தான்.

இப்போது ஊரெல்லாம் வாந்திபேதி. மேலத்தெரு பேயாண்டியின் கைக்குழந்தைக்கும் கண்டுவிட்டது. கண் உள்ளே போய், அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. அவன் சாதிக்காரர் எல்லோரும் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கவேண்டும் என்கிற ரேகைச் சட்டத்துக்குப் பயந்து பேயாண்டி கைரேகை வைக்கப் போய்விட்டான். தாய் அன்னக்கொடி சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். சாகக்கிடக்கிற அஞ்ஞானிகளின் குழந்தைகளுக்கு ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சுவாமியார் உன் அத்தானுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாரே! காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போடுகிறவள் மாதிரி உட்கார்ந்து, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து பெயரைச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். மிக்கேல் என்று பெயர் வைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அந்தப் பிள்ளை மோட்சத்தில் சம்மனசுகளோடு இருக்கும். அவள் அழுதுகொண்டிருக்க, எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இது ஒரு மாதிரியான சந்தோஷம்தான், வெளியே சொல்ல முடியாது. உன்னிடம் சொன்னால் மனசு ஆறும் என்றுதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்காள்,
அடைக்கலமேரி


குருமடம், மதுரை,
2 நவம்பர் 1936

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் தோத்திரம். நான் சுகம். காய்ச்சல் விட்டுவிட்டது. உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் அதிபர் சுவாமியார் பிரித்து வாசித்துத்தான் கொடுப்பார், இது உனக்குத் தெரிந்ததுதான். உன் கடிதத்தை வாசித்துவிட்டு அவர் கண் கலங்கினார். பந்தியில் எல்லோரும் சாப்பிடும்போது அதை உரக்க வாசிக்கச் சொன்னார். மிக்கேல் என்ற பெயர் வந்ததும் பெரியவர்கள் பலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தினசரி ஜெபத்திலும் அந்தப் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா!

ஒரு காரியம். ஞானஸ்நானத்தைப் பங்குச் சுவாமியாரிடம் சொல்லிக் கோயில் புத்தகத்தில் பதியவேண்டும். மறந்துவிடாதே.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்,
தனிஸ்லாஸ்


ஆலடிப்பட்டி,
25 நவம்பர் 1936

அன்புத் தம்பிக்கு, நான் சுகம். இடுப்புவலி மழைக்கு அதிகம், வெயிலுக்குக் குறைவு. ஊரில் பேதி நின்றுவிட்டது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. கிணற்றில் தண்ணீர் கையெட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது.

பங்குக் கோயிலுக்குப் போக இன்னும் நேரம் வாய்க்கவில்லை. போவேன்.

வேறு விசேஷம் இல்லை. கம்பளி அனுப்பட்டுமா?
அடைக்கலமேரி


குருமடம், மதுரை,
8 டிசம்பர் 1936

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். கம்பளி வேண்டாம், இங்கே கொடுத்திருக்கிறார்கள்.

மிக்கேலை எந்த நாளில் அடக்கம் செய்தார்கள் என்று அதிபர் சுவாமியார் கேட்கிறார். பங்குச் சுவாமியாரைத் தல்லாகுளத்தில் ஒரு பூசையில் பார்த்தாராம். அப்படி ஒரு பெயர் புத்தகத்தில் இல்லையே என்று அவர் சொன்னாராம். நீ ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என்ன ஆயிற்று அக்கா?

பதிலை எதிர்பார்க்கும்,
தனிஸ்லாஸ்


ஆலடிப்பட்டி,
15 டிசம்பர் 1936

தம்பி, இதைத் தபாலில் போடவில்லை. நம் ஊர் மலையாண்டி அண்ணன் சிம்மக்கல்லில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார் அல்லவா, உங்கள் மடத்துச் சமையலுக்கும் அவர்தானே காய் போடுகிறார்? கத்தரிக்காய்க் கூடைக்கு அடியில் வைத்துத் தருவார். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நான் உடம்பால் சுகம். மற்றதெல்லாம் சுகமில்லை.

பிள்ளை பிழைத்துவிட்டது.

நான் தண்ணீர் ஊற்றிய மறுநாளே கண் திறந்து பால் குடித்தது. இப்போது தொடையில் மடிப்பு விழுந்து, தவழ்ந்துவந்து என் முந்தானையை இழுக்கிறது. அன்னக்கொடி தினமும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். "ஒங்க கை பட்டுத்தான் எம்புள்ள பொழச்சான், நீங்கதான் அவனுக்கு இன்னொரு ஆத்தா" என்கிறாள். பேயாண்டி வாசலில் நின்று, "உபதேசியாரம்மா, இந்த ஊருல ஒங்கள ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னா எங்கிட்ட சொல்லுங்க" என்று போகிறான். இவ்வளவு அன்பும் எனக்கு முள்ளாகக் குத்துகிறது.

ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை திருச்சபைக்குச் சொந்தம், அதை அஞ்ஞானத்தில் வளரவிடக் கூடாது என்று நானே எத்தனை தடவை ஜெபக்கொட்டகையில் படித்துக் காட்டியிருக்கிறேன்! நான் மடத்துப் போர்டிங் பள்ளியில் இருந்தபோது லூர்து என்று ஒரு குட்டிப் பெண் இருந்தாள். செல்லக்கிளி என்று பிறந்து, சாகக்கிடந்தபோது யாரோ ஞானஸ்நானம் கொடுத்து, பிழைத்ததும் எப்படியோ அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டவள். அவளைப் பெற்றவள் ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வெளியே மடியில் பொரிகடலையோடு வந்து நிற்பாள். ஒரு நாள் லூர்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்தப் பொம்பள ஏன் என்னையவே பாக்குது? பயமா இருக்கு" என்றாள்.

பங்குச் சுவாமியாரிடம் நான் போய்ச் சொன்னால் அன்னக்கொடியும் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பேயாண்டி சும்மா விடுவானா? நம் வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சாது. சொல்லாவிட்டால் அந்த ஆத்துமம் என்னால் கெடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நரகமாக இருக்கிறது. நான் என்ன செய்ய? நீ படித்தவன், சொல்.

உன் அக்காள்


குருமடம், மதுரை,
5 ஜனவரி 1937

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். நான் சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

எங்களுக்கு இப்போது ஞானஸ்நானம் முதலான தேவதிரவிய அனுமானங்களைப் பற்றிய பாடம் நடக்கிறது. பரீட்சைக்காகப் படித்ததை உனக்கும் எழுதுகிறேன், ஜெபக்கொட்டகையில் சொல்லிக்கொடுக்க உதவும். ஞானஸ்நானம் செல்லுபடியாக வேண்டுமானால் தண்ணீர் தலைத்தோலின் மேல் படவேண்டும், படுவது மட்டும் போதாது, ஓடவேண்டும். அடர்ந்த முடியை மட்டும் நனைத்தால் சந்தேகம். ஈரத்துணியால் துடைத்தால் செல்லாது. தண்ணீர் ஊற்றுகிறவரே அதே சமயம் வார்த்தைகளை முழுமையாகச் சொல்லவேண்டும். பதற்றத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் போயிற்று. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது ஞானஸ்நானமே அல்ல, வெறும் தண்ணீர்.

ஆபத்துச் சமயத்தில் மனிதர்களுக்குப் பதற்றம் இயல்பு. ஆகையால் நீ கொடுத்ததை நன்றாக நினைவுபடுத்திப் பார்க்கவேண்டும், அக்கா. மிக நன்றாக.

அன்புத் தம்பி,
தனிஸ்லாஸ்


ஆலடிப்பட்டி,
20 ஜனவரி 1937

தம்பி, இதுவும் கூடைக்கு அடியில்தான் வருகிறது. சுகம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமையில்லை.

நான் உயிர் போகிற கேள்வி கேட்டால் நீ பரீட்சைப் பாடம் அனுப்புகிறாய்! எனக்கே ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லித்தருகிறாயா? உனக்குக் கால்சட்டை போட்டுவிட்டவள் நான். முடியை விரலால் விலக்கிவிட்டுத்தான் ஊற்றினேன். தண்ணீர் உச்சியிலிருந்து வழிந்து, காதுக்குப் பின்னால் இறங்கிக் கழுத்தை நனைத்தது. வார்த்தை ஒன்றுகூடச் சிதறவில்லை. உன் அத்தானே அப்படிக் கொடுத்திருக்க மாட்டார்.

இங்கே நிலைமை இன்னும் மோசம். மாசிக் களரித் திருவிழாவுக்குப் பேயாண்டியின் கூட்டமெல்லாம் கருப்புக் கோயிலில் கூடுகிறது. அங்கே பிள்ளைக்கு முடி இறக்கிக் காது குத்தப்போகிறார்கள். "மொத வரிசையில நீங்கதான் நிக்கணும், நீங்க இல்லாம கத்தியே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிப்புட்டேன்" என்று பேயாண்டி வெற்றிலை பாக்கு வைத்துப் போயிருக்கிறான். மிக்கேல் என்று நான் பெயர் வைத்த பிள்ளையைக் கருப்புக்கு முன்னால் உட்காரவைத்து மொட்டையடிப்பதை நான் நின்று பார்க்கவேண்டும்! அந்த ஆத்துமத்துக்கு என்ன ஆகும்? எனக்கு என்ன ஆகும்? நேராகப் பதில் சொல். வாந்திபேதியில் செத்திருந்தால் நேரே மோட்சம் போயிருக்குமே என்று நேற்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். நினைத்ததும் என் மேலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி அன்னக்கொடி கையில் கொடுத்து, போய்விட்டு அப்புறம் வா என்று அனுப்பிவிட்டேன்.

அடைக்கலமேரி


குருமடம், மதுரை,
7 பிப்ரவரி 1937

அன்புள்ள அக்காவுக்கு. சுகமாக இருக்கிறாயா? இதையும் மலையாண்டி அண்ணன் கையில்தான் கொடுக்கிறேன். இனி இந்த வழியும் அடைபடும். விபூதித் திருநாளிலிருந்து ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு வரை, தபசு காலம் முழுக்க எங்களுக்குக் கடிதம் கொடுக்கமாட்டார்கள், வெளியாட்களைச் சமையற்கட்டுக்குள் விடவும் மாட்டார்கள்.

நேராகப் பதில் கேட்டாய். புத்தகம் நேராகத்தான் சொல்கிறது: ஞானஸ்நானத்தின் முத்திரை அழியாது, பிள்ளை நம்முடையது. அன்னக்கொடியைப் பற்றிப் புத்தகத்தில் தேடிப்பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஞானஸ்நானம் இல்லாமல் சாகும் குழந்தைகளைப் பற்றிப் பழங்கால வேதபாரகர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? முதலில் அவர்களுக்கும் நெருப்பு என்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை, நெருப்பு வேண்டாம், தேவதரிசனம் மட்டும் கிடையாது என்று ஒதுக்குப்புறமாக ஓர் இடம் சொன்னார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் அங்கேயும் ஒருவித ஆனந்தம் உண்டு என்றார்கள். இத்தனை நூற்றாண்டாகப் பெரியவர்களே கொஞ்சம் கொஞ்சமாக இரக்கப்பட்டு வந்திருக்கும்போது, சர்வேசுரன் அவர்களைவிட இரக்கத்தில் குறைந்தவராக இருப்பாரா என்று வகுப்பில் எழுந்து கேட்டேன். "நல்ல கேள்வி, உட்காரு" என்றார் சுவாமியார். உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ராத்திரியெல்லாம் அந்தக் கேள்வி உட்காரவில்லை.

பயப்படாதே என்று எழுத ஆசை. எனக்கே தைரியம் இல்லை. மிக்கேல் விஷயத்தை விசாரிக்கும்படி அதிபர் சுவாமியார் பங்குச் சுவாமியாருக்கு எழுதிவிட்டார். தபசு காலத்தில் அவர் உங்கள் ஊருக்கு வருவார். நேரில் உன்னைக் கேட்பார்.

நான் தபாலில் அனுப்பிய பாடத்தை இன்னொரு தடவை வாசி. அது பரீட்சைக்காக எழுதியதல்ல. நீ கோபித்துக்கொண்டாய், சரி. இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் உன்னைப் பாவத்துக்கு ஏவியவன் ஆவேன். எழுதாவிட்டால் என்ன ஆவேன் என்றும் தெரியவில்லை.

தனிஸ்லாஸ்


ஆலடிப்பட்டி,
15 மார்ச் 1937

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதிக்கொண்டது. இதைத் தபாலில்தான் போடுகிறேன். அதிபர் சுவாமியாரும் வாசிக்கட்டும். எல்லோருக்கும் என் தோத்திரம். நான் சுகம்.

நேற்றுப் பங்குச் சுவாமியார் வில்வண்டியில் வந்திருந்தார். களரி முடிந்த கையோடு வந்துவிட்டார். வெள்ளைக்காரச் சாமியைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. அன்னக்கொடியும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பிள்ளைக்குப் புது மொட்டை, தலை நிறையச் சந்தனம், காதில் கடுக்கன். பேயாண்டி வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சுவாமியார் இறங்கியதும் கேட்ட முதல் வார்த்தை, "மிக்கேல் எங்கே?"

"அப்படி ஆரும் இங்க இல்லீங்களே சாமி" என்றாள் அன்னக்கொடி சிரித்துக்கொண்டே. "இவன் மாயன். செத்துப் பொழச்சவன். இந்த அம்மாதான் காப்பாத்துனாக."

சுவாமியார் அவளையும் பிள்ளையையும் பார்த்தார். பிறகு என்னை ஜெபக்கொட்டகைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, "ஆண்டவருக்கு முன்னால் நின்று சொல். அந்தப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஓடியதா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி" என்றேன். "துணிய நனைச்சு நெத்தியில போட்டேன், அம்புட்டுத்தான். முடி அடர்த்தி. தண்ணி தோலுல படவே இல்ல. பதட்டத்துல வார்த்தையும் பாதியில நின்னுபோச்சு. தம்பிகிட்ட பெரும பேசணும்னு கொடுத்ததா எழுதிப்புட்டேன்."

வெளியே பிள்ளை ஏதோ கத்திச் சிரித்தது கேட்டது. "இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் இப்படியே சொல்வாயா, மகளே?" என்றார். "இப்படியேதான் சொல்லுவேன் சாமி" என்றேன். "சரி" என்றார். வண்டியேறப் போகிறவர் நின்று பிள்ளையின் மொட்டைத்தலையில் கையை வைத்தார். ஒட்டிய சந்தனத்தைத் துடைக்காமலே ஏறிப் போய்விட்டார்.

ஆகையால் அதிபர் சுவாமியார் அந்தப் பெயரை ஜெபத்திலிருந்து எடுத்துவிடலாம்.

இந்தப் பாஸ்குப் பூசையில் நான் நன்மை அப்பம் வாங்கப் போவதில்லை. இடுப்புவலி, பங்குக் கோயில் வரை நடக்க முடியாது. நீ எனக்காகவும் சேர்த்து வாங்கிக்கொள். நம் வீட்டில் ஒருத்தனாவது பீடத்தில் நின்று பூசை வைப்பதைப் பார்த்துவிட்டால் எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

அக்காள் அடைக்கலமேரி


சிம்மக்கல்,
30 மார்ச் 1937

அன்புள்ள அக்காவுக்கு. மலையாண்டி அண்ணன் கடைக்குப் பின்னால், வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதை யாரும் பிரித்து வாசிக்கமாட்டார்கள். நான் சுகமா என்று நீ கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பெரிய சனிக்கிழமை மத்தியானம் தபசு முடிந்ததும் அதிபர் சுவாமியார் என்னை அறைக்குக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார். நான் வாசிக்கும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர் அக்கா, அவரை நான் குறை சொல்லமாட்டேன். "ஒரே ஒரு கேள்வி. உன் அக்காள் பொய் சொல்லக்கூடியவளா? நீ சொன்னால் நான் நம்புவேன்" என்றார்.

காதுக்குப் பின்னால் இறங்கிய தண்ணீரை அறிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். "என் அக்கா பொய்யே சொல்லமாட்டாள், சுவாமி" என்றேன். அவர் அப்போதே பேனாவை எடுத்து, விசாரணை முடிந்தது என்று பங்குச் சுவாமியாருக்கு எழுதினார். என் தோளைத் தட்டி, வருகிற ஜூனில் உனக்கு உபதியாக்கோன் பட்டம், குருவாவதற்கு முந்தின படி, தயாராக இரு என்றார்.

மறுநாள் பாஸ்குத் திருநாள் பூசையில் எல்லோரும் வரிசையாக நன்மை வாங்க எழுந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. என் வரிசையில் நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். இடுப்புவலி என்று நான் சொல்ல முடியுமா? அதிபரிடம் சொன்ன பொய்யைப் பாவமென்று சங்கீர்த்தனம் செய்தால் மனம் நொந்து மனஸ்தாபப்பட வேண்டும். மனஸ்தாபப்பட்டால் உண்மையைச் சொல்லவேண்டும். அன்னக்கொடியை வேலிக்கு வெளியே நிறுத்த என்னால் ஆகாது. மனஸ்தாபமில்லாமல் பீடத்தில் ஏறி அப்பத்தைத் தொடவும் என்னால் ஆகாது. நேற்று, பட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதிபர் சுவாமியார் காரணம் கேட்டார். சொல்லவில்லை. வாசல் வரைக்கும் என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

பயமாக இருக்கிறது அக்கா. நாம் செய்தது சரிதானா என்று எனக்குத் தெரியாது. படித்தால் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உன்னைத் தனியாக அந்த நரக நெருப்புக்கு விட்டுவிட்டு நான் மேலே போய் உட்கார்ந்திருப்பதை மட்டும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன் ஆசையைக் கெடுத்துவிட்டேன். நீ வா என்று சொன்னால்தான் வருவேன். வரட்டுமா?

தனிஸ்லாஸ்


ஆலடிப்பட்டி,
3 ஏப்ரல் 1937

அடப் பாவி தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் சோறு குழைந்துபோனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நான் கெட்டாலும் நீ இருக்கிறாய், எனக்காக மன்றாட வீட்டில் ஒருத்தன் இருக்கிறான் என்றுதானே அத்தனை தைரியமாகச் சுரூபத்துக்கு முன்னால் நின்றேன்? இப்போது நம் இரண்டு பேருக்காகவும் மன்றாட யார் இருக்கிறார்கள்? உன்னைக் கண்டபடி திட்டி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன், காகிதம்தான் வீண்.

மாயன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நேற்று அன்னக்கொடி, "ஏன் உபதேசியாரம்மா இப்பிடி மெலிஞ்சு போனீக, என்ன கவல?" என்று கேட்டு என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். நான் அவள் மடியில் தலையைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அழுதேன்.

பெட்டியை மலையாண்டி அண்ணன் வண்டியில் போட்டுவிட்டு நீ அடுத்த பஸ்ஸில் ஏறு. வரட்டுமா என்று கேட்க உனக்கு வெட்கமில்லையா? தனியாகப் பயந்து பயந்து எனக்கு அலுத்துவிட்டதடா. வந்து சேர்.

அக்காள்